மூலம் வேறு, மீளாக்கம் வேறு

ஆசிரியர் அவர்கட்கு,

கதைப் பாத்திரமாக மாறி ஆடும் பழைய றோல் பிளேயிங் கேம்களைத் தரப்படுத்துவோர், மூலத்தையும் அதைப் புதிதாகச் செய்த மீளாக்கத்தையும் ஒரே வரிசையில் அடுக்குவது பிழை. மீளாக்கம் எதைத் திருத்தியது, எதை வெட்டியது என்றே பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ‘டிராகன் குவெஸ்ட் 3’இன் 2024 மீளாக்கத்துக்கே. 1988இன் முறைவைத்துச் சண்டையிடும் அமைப்பைக் கலைக்காமல், வேகத்தையும் கடினத்தையும் மட்டும் நம் கையில் தந்திருக்கிறார்கள். கதைப்படி இது முதலிரு பாகங்களுக்கும் முந்தியது. புதியவர்கள் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம்.

அடுத்தது ‘பேர்சோனா 3 றீலோட்’. 2006 மூலத்தில் கூட்டாளிகளை கேமே இயக்கும். பனித்தாக்குதல் செய்யவேண்டிய மிட்சுரு என்ற கூட்டாளி மயக்கு மந்திரம் போட்டு முறையை வீணாக்குவாள். நாம் இயக்கும் தலைவன் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. இப்போது எல்லோரையும் நாமே இயக்கலாம். ஆனால் 2009 கையடக்கப் பதிப்பின் கதாநாயகியை விட்டுவிட்டார்கள். பெரிய குறை.

‘பைனல் பேன்டசி 7’ மூலம் என்ற வகையில் உச்சம், மீளாக்கம் என்ற வகையில் மூன்றாமிடம். 1997இல் சில மணித்தியாலங்களில் கடந்த மிட்கார் நகரமே 2020இல் ஒரு முழுக் கேம். தொடர்ச்சியான ‘றீபர்த்’ கணினியில் 155 ஜிபி கேட்கிறது. மாத டேட்டாவை நம்பியிருப்போர் பிளேஸ்டேஷன் 5 தட்டுகளை வாங்குவதே புத்தி. இரண்டு தட்டுகளில் ‘டேட்டா’ என்று பெயரிட்ட தட்டை முதலில் நிறுவவேண்டும்.

வாசகர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.