இளங்கலை இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 10 மெகா ஓம் ரெசிஸ்டர்கள். இரண்டையும் தொடராக இணைத்து, ஒன்றின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். கணக்குப்படி 4.5 வோல்ட் வர வேண்டும். மீட்டர் 3 வோல்ட் காட்டியது. "மீட்டர் பழுது, சார்" என்று மூன்றாம் ஆண்டு மாணவி வேறொன்றை எடுத்து வந்தாள். அதிலும் 3தான். மீட்டருக்குள்ளேயும் 10 மெகா ஓம் இருக்கிறது, அது பக்க இணைப்பாகச் சேர்ந்து அந்த ரெசிஸ்டரை 5 மெகா ஓமாக்கிவிடுகிறது என்று தாளில் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியென்றால் இதுவரை நான் அளந்ததெல்லாம்?" என்றாள்.

படிப்பு முடியும் தறுவாயில்தான் அவளுக்கு இந்தக் கேள்வி வந்தது. பிழை அவளுடையது அன்று. மின்னணுவியலை ஓர் அறையிலும் அளவீட்டை இன்னோர் அறையிலும் வைத்து நடத்துகிறோம். வெப்பநிலையை மின்னழுத்தமாக மாற்றித் தரும் உணரியான கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்க எல்லா ஆய்வகங்களிலும் கிடக்கும் சில்லு 741 ஆப்-ஆம்ப். அதன் ஆஃப்செட்டோ, அதாவது உள்ளீட்டில் அது தானாகவே சேர்த்துவிடும் பிழை மின்னழுத்தமோ, ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு இருக்கும். இரண்டையும் இணைத்தால் வெப்பநிலை சுமார் 25 டிகிரி தவறிவிடும். இன்று நம் மாணவருக்கு ஆஃப்செட் என்பது இரண்டு மதிப்பெண் வினா, அவ்வளவுதான்.

புதிய பாடத்தாள் எதுவும் வேண்டாம். இருக்கும் செய்முறைகளில் சிலவற்றையாவது, மாணவர் தாமே சுற்றமைத்து அளக்கும்படி மாற்றுங்கள். நிதி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் கருவி கையில் அடங்கும். கணினியில் செருகினால் அலைக்காட்டியாகவும் அலை உருவாக்கியாகவும் வேலை செய்யும். அதன் வடிவமைப்பும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன.

இன்னொன்று, இதுவே முக்கியம். செய்முறைத் தேர்வில் விடை புத்தக மதிப்பை எவ்வளவு நெருங்கியது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். அதனால் ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வரும்வரை மாணவர்கள் அளவுகளைத் திருத்துகிறார்கள். மாணவனாக இருந்தபோது நானும் திருத்தியிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது. அந்த மதிப்பெண்ணில் பாதியை, அளவு ஏன் விலகியது, அதில் கருவியின் பங்கு எவ்வளவு என்று எழுதுவோருக்குக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டு ரெசிஸ்டர்களை நீங்களே இணைத்துப் பாருங்கள். பேட்டரியும் மீட்டரும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்