சுவரில் இருக்கிற ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். இது நீ நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம்.

அம்பாசமுத்திரம் வீட்டு விளக்குகளை எல்லாம் ஒரே சிஸ்டத்தில் கோத்து, டொராண்டோவில் இருந்தபடியே நீ பார்க்க வேண்டும் என்கிறாய். ராத்திரி ஆச்சி புறவாசலுக்குப் போகும்போது இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற உன் பயம் எனக்கும் உண்டு. செய்வோம். ஆனால் மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறியவன் என்ற முறையில் எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், அணைய வேண்டும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றம் வரக் கூடாது.

நீ போன தடவை மாட்டிவிட்டுப் போன வைஃபை பல்புகளுக்கு, போனில் இருந்து போகிற கட்டளை எங்கோ இருக்கிற கம்பெனி சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மழைக்கு நெட் போனால், தார்சாவில் உட்கார்ந்துகொண்டு தார்சா விளக்கை போனில் அணைக்க முடியவில்லை. அதனால் மூளை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுச் சாதனங்களை இயக்க நீ சொன்ன ஹோம் அசிஸ்டன்ட் என்கிற மென்பொருளைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். 2013-இல் தொடங்கியது, காசு கொடுக்க வேண்டாம், ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடும். கணக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் நான் போட்டுவிடுகிறேன். மெமரி கார்டு மட்டும் வேண்டாம். ஓயாமல் எழுதுவதும் கரண்ட் சட்டென்று போவதும் அதற்கு ஆகாது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி டிரைவ் போடு.

அப்புறம், எல்லா இடத்துக்கும் ஸ்மார்ட் பல்பே வேண்டும் என்று நினைக்காதே. அறையை விட்டு வெளியே வந்தால் ஸ்விட்சை அணைப்பது ஆச்சியின் பழக்கம். அணைத்த உடனே பல்புக்குக் கரண்ட் நின்றுபோகும், உன் போனில் அந்தப் பல்பே காணாமல் போகும். வைஃபை இல்லாமல் தங்களுக்குள் ரேடியோ அலையில் பேசிக்கொள்கிற ஜிக்பி பல்பாக இருந்தால் இன்னும் மோசம். நம் சுவர் பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். அலை நேராக ஊடுருவாது, ஒரு பல்பிடம் இருந்து அடுத்த பல்புக்குக் கைமாறித்தான் போகும். பட்டாசல் பல்பை அணைத்தால் அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த அடுப்படியும் புறவாசலும் துண்டிக்கப்படும். ஆச்சியிடம் போய் "ஸ்விட்சைத் தொடாதீங்க" என்று சொல்ல எனக்கு மனசில்லை. சொல்லவும் மாட்டேன்.

அதற்கு வழி, ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கிற சின்ன ஜிக்பி ரிலே. கட்டளை வந்தால் விளக்குக்குப் போகிற கரண்டைத் தானே இணைத்துத் துண்டிக்கும். பல்ப் சாதாரண எல்இடி போதும். ஸ்விட்சைத் தட்டினாலும் ரிலேவுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் கைமாற்றுகிற வேலை நிற்காது. ஆச்சிக்கும் ஸ்விட்ச் வேலை செய்யும், உனக்கும் போன் வேலை செய்யும். போர்டுக்குள் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர் வேண்டும், அவ்வளவுதான். பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டுகளில் நியூட்ரல் ஏற்கெனவே வந்திருக்கிறது. தார்சா, பட்டாசல், அடுப்படி, புறவாசல் நான்கும் அப்படித்தான். மச்சில் நீ படித்த அறையில் வெறும் ஸ்விட்ச் மட்டும் இருக்கிறது. அங்கே ஸ்மார்ட் பல்ப் போடலாம், யாரும் போய் அணைக்கப் போவதில்லை.

அந்தப் பல்பில் ஒன்றைக் கவனி. கரண்ட் போய் வந்தால் பல ஸ்மார்ட் பல்புகள் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியும். ஆடிக் காற்றில் இங்கே ராத்திரி எத்தனை தடவை போய் வரும் என்று உனக்குத் தெரியும். கரண்ட் வந்ததும் முன்பிருந்த நிலைக்கே திரும்பு என்று சொல்கிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். ஆறு மணிக்கு எரி என்று கடிகாரத்தில் எழுதினால் சரிவராது. கார்த்திகையில் ஆறு மணிக்கே பொழுது சாயும், ஆனியில் ஆறரையைத் தாண்டும். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் சூரியன் மறையும் நேரத்தைச் சிஸ்டமே கணக்குப் போடும். ஆனால் அது அடிவானத்துக்குப் போடுகிற கணக்கு. நமக்கு மேற்கே அடிவானம் எங்கே இருக்கிறது? பொதிகை மலைதான் நிற்கிறது. கணக்குப்படி மறைவதற்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், நம் திருணையில் நிழல் விழுந்துவிடும். சூரியன் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்தும் விதி எழுதலாமாம். அப்படியே எழுது. எந்த டிகிரியில் வீட்டுக்குள் மங்கத் தொடங்குகிறது என்று நான் வாசலில் நின்று பார்த்துச் சொல்கிறேன். சாரல் காலத்தில் மேகம் மலையில் இறங்கினால் நாலு மணிக்கே அடுப்படி இருட்டாகிவிடும். அதற்கு வெளிச்சம் அளக்கிற சென்சார் ஒன்று வேண்டும். அம்மா பூஜை அறையில் திருவிளக்கு ஏற்றி முடிப்பதற்குள் புறவாசல் விளக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆச்சி கால் கழுவப் போகிற நேரமும் அதுதான்.

வாங்குகிற விஷயம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதனால் பல்பையும் ரிலேவையும் அங்கே வாங்காதே. அங்கத்திய பல்ப் திருகு மாடல், நம் ஹோல்டர் பின் மாடல், பொருந்தவும் செய்யாது. பெட்டியில் குத்தி ஜிக்பி சாதனங்களோடு பேச வைக்கிற டாங்கிளை அங்கே வாங்கலாம், உலகம் முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஜிக்பி மாதிரியே இன்னொரு முறையான இசட்-வேவ் வேண்டாம், அதற்கு நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. டாங்கிளோடு ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளும் எடுத்து வா. பெட்டியின் யூஎஸ்பி 3 பக்கத்திலேயே குத்தினால் இரைச்சலில் சிக்னல் கெடும். வைஃபையும் ஜிக்பியும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, நம் வைஃபையை சேனல் 1-இல் நிறுத்திவிடுகிறேன், நீ ஜிக்பியை சேனல் 20 அல்லது 25-இல் வை. முதலிலேயே முடிவு செய்துகொள். பிறகு மாற்றினால் சில சாதனங்களைத் திரும்ப முதலில் இருந்து சேர்க்க வேண்டி வரலாம்.

தை மாதம் நீயும் மாப்பிள்ளையும் வருவதற்குள் ரிலேக்களை நான் திருநெல்வேலியில் விசாரித்து வாங்கி, மெயினை இறக்கிவிட்டு, போர்டுக்குள் வைத்துவிடுகிறேன். புறவாசல் போர்டில் முதலில் செய்கிறேன். எந்த மாடல் உன் சிஸ்டத்தோடு சேரும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு இந்த வாரமே எழுது.

அன்புடன்,
அப்பா