ஃப்ளோரா சிலைய ஏன் கழுத்தோட வெட்டுனீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பிரெஞ்சு சிற்பி கார்ப்போ பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாவே இருந்துச்சு, ஆனா அவரோட ஃப்ளோரா பளிங்குச் சிலை போட்டோவ கழுத்துக்குக் கீழ வெட்டிட்டு வெறும் முகத்த மட்டும் போட்டிருக்கீங்க. காரணம் தெரியாம இல்ல, உடம்புல துணி இல்ல, வீட்ல எல்லாரும் படிக்கிற பேப்பர். ஆனா முகத்த மட்டும் பாத்தா யாரோ ஒரு பொண்ணு சிரிக்கிறா, அவ்ளோதான், அவதான் வசந்த காலம்னு எப்படி சார் தெரியும்?

ஃப்ளோரா ரோமக்காரங்களோட பூ தேவதை, வசந்தத்துக்கே அவதான் உருவம், ஏப்ரல் கடைசில அவளுக்குத் திருவிழா எடுப்பாங்க. கார்ப்போ அவள கம்பீரமா நிக்க வைக்கல. குனிஞ்சு மண்டி போட்டு, இதோ இப்ப எந்திரிச்சிடுவா போலன்னு ஒரு துடிப்போட செஞ்சிருக்காரு. வசந்தமே அந்த உடம்புலதான் இருக்கு, அதத்தான் நீங்க வெட்டிட்டீங்க!

முதல்ல இந்த உருவத்த அவரு பாரிஸ்ல லூவ்ர் அரண்மனையோட சேர்ந்த பவியோன் த ஃப்ளோர் கட்டடத்துக்குத்தான் 1866ல செஞ்சாரு, சீன் ஆத்தப் பாத்த சுவத்துல, சுத்தியும் குழந்தைங்க கும்மாளம் போட. சிலை சுவத்த விட்டு ரொம்ப துருத்திக்கிட்டு இருக்குன்னு ஆர்க்கிடெக்ட் லெஃப்யுவேல் மல்லுக்கு நின்னாரு, கடைசில பிரெஞ்சு சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியனே வந்து பாத்துட்டு இருக்கட்டும்னு சொன்னதாலதான் பொழச்சுது. 1871ல பாரிஸ் ஜனங்க அரசாங்கத்த எதிர்த்துக் கிளம்புன கம்யூன் கலவரத்துல பக்கத்துல ட்யூலரி அரண்மனையே எரிஞ்சு போச்சு, அதுலயும் இந்தக் கட்டடம் தப்பிச்சுது. அப்புறம் 1873ல குழந்தைங்களையெல்லாம் விட்டுட்டு அந்த நடு உருவத்த மட்டும் தனியா பளிங்குல செஞ்சாரு. போர்ச்சுகல்ல லிஸ்பன் ஊரு குல்பென்கியன் மியூசியத்துல இருக்குறது அதுதான், நீங்க வெட்டுனதும் அதோட போட்டோதான். சுவத்துல முன்பக்கம் மட்டும்தான் தெரியும், இதச் சுத்தி வந்தே பாக்கலாம்.

அந்த மனுஷனுக்கு இது புதுசும் இல்ல. 1869ல பாரிஸ் ஆப்பரா வாசல்ல அவரு வச்ச 'நடனம்'ங்கிற சிலை ஆபாசம்னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா யாரோ மை பாட்டில வீசிட்டுப் போயிட்டாங்க. அதத் தூக்கிரலாம்னு கூட முடிவு பண்ணாங்க, 1870ல பிரஷ்யாவோட போர் வந்ததால அப்படியே நின்னு போச்சு, இன்னிக்கு அதோட ஒரிஜினல் ஓர்சே மியூசியத்துல பத்திரமா இருக்கு. அன்னிக்கு மை, இன்னிக்கு உங்க கத்திரி (கோவிச்சுக்காதீங்க).

வர்ற ஞாயிறு முழு போட்டோவையும் போடுங்க சார், கால் பக்கம் போதும், கலர் கூட வேணாம், பளிங்கு வெள்ளைதானே. கீழ எந்த ஊரு மியூசியம்னும் ஒரு வரி சேருங்க, போன தடவை அதுவும் இல்ல.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருத்தர், கும்பகோணம்