பழைய வீடுங்களோட வயரிங் வேலைக்கு உங்க பங்கு வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கமிட்டி கையில எடுத்திருக்கற பழைய வீட்டு வயரிங் வேலைய பத்தி கொஞ்சம் வெவரமாவே எழுதிடலாம்னு இருக்கேன், ஏன்னா மீட்டிங்ல பணம்னு பேச்செடுத்ததும் பல பேர் கேட்டது ஒரே கேள்விதான், லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, அப்புறம் எதுக்கு சுவத்த உடைச்சு இத்தன செலவுன்னு. நியாயமான கேள்விதாங்க. கூரை ஒழுகினா கண்ணுக்கு தெரியும், வயரிங் கெட்டுப்போனா தெரியாது, கடைசி நாள் வரைக்கும் லைட்டு எரிஞ்சுகிட்டேதான் இருக்கும்.

வயரிங் மாத்தணும்னு கமிட்டி போட்டு வெச்சிருக்கற லிஸ்ட்ல இருக்கற வீடுங்களுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கற எலக்ட்ரீஷியன கூட்டிட்டு போய் மெகர் போட்டு பார்த்தோம். மெயின ஆஃப் பண்ணிட்டு வயர்ல 500 வோல்ட் குடுத்து இன்சுலேஷன் தாங்குதா இல்ல எங்கயாச்சும் கசியுதான்னு பாக்கற மீட்டர் அது. ரீடிங் ஒரு மெகா ஓமுக்கு கீழ வந்துட்டா அந்த வயர நம்பக்கூடாது. ஒரு வீட்ல முள்ளு சைபர விட்டு பெருசா நகரவே இல்ல. அங்க மர கேசிங்குள்ள அந்த காலத்து ரப்பர் வயரு, மேல நூல் சுத்தினது. ஸ்விட்ச் போர்ட கழட்டி வயர லேசா வளைச்சதுக்கே ரப்பர் பொடிப்பொடியா உதிர்ந்து கையில வந்துருச்சு. உள்ள செம்பு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, மேல கவர்தான் இல்ல, பேஸும் (கரண்ட் வர்ற வயரு) நியூட்ரலும் (கரண்ட் திரும்பி போற வயரு) ஒரு விரல் கேப்ல வெறும் கம்பியா நிக்குது, அந்த போர்ட்லதான் தெனமும் கை வெச்சு லைட்டு போடறாங்க.

மெயின் போர்டு கதை இன்னும் மோசம். பழைய வீடுங்கள்ல ரெண்டு பீங்கான் ஃபியூஸ் இருக்கும், பேஸுக்கு ஒண்ணு, நியூட்ரலுக்கு ஒண்ணு. நியூட்ரல் ஃபியூஸ் போச்சுன்னா வீடே இருட்டாயிடும், ஆனா பேஸ் அப்படியே உயிரோட இருக்கும், 230 வோல்ட்டும் போர்ட்ல நிக்கும். கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சு ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டர்ல கை வெக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அது பத்தாதுன்னு ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு எவனோ தடியா ஒரு செம்பு கம்பிய முறுக்கி வெச்சிருக்கான். ஃபியூஸ் கம்பியோட வேலையே நமக்கு முன்னாடி உருகறதுதான், அத உருகவிடலேன்னா சுவத்துக்குள்ள இருக்கற வயரு உருகும்.

வீடு கட்டினப்ப நாலு லைட்டு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ, அவ்ளோதான் கணக்கு. இப்ப 2000 வாட் ஹீட்டர் ஒண்ணே 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்குது, அதே லைன்ல அயர்ன் பாக்ஸு, வாஷிங் மெஷினு, எல்லாம் ஒரு மல்டிபிளக்ல. கரண்ட் ரெண்டு மடங்கானா வயர்ல சூடு நாலு மடங்காகும். இப்ப போடற பிவிசி வயரே பொதுவா 70 டிகிரி வரைக்கும்தான், அப்ப காஞ்சுபோன ரப்பர் என்னத்த தாங்கும் சொல்லுங்க. ஸ்விட்ச் ப்ளேட்ட தொட்டா கதகதன்னு இருக்கறது, மோட்டார் போட்டா லைட்டு மங்கறது, பிளாஸ்டிக் கருகற மாதிரி ஒரு வாடை வந்து வந்து போறது, இதுல ஒண்ணு உங்க வீட்ல இருந்தாலும் இந்த வேண்டுகோள அப்பறம் படிங்க, மொதல்ல ஆள கூப்பிட்டு காட்டுங்க.

எர்த், அதாவது கசியற கரண்ட்ட மண்ணுக்குள்ள இறக்கி விடற வயரு, அந்த விஷயத்துலதான் எனக்கு ரொம்ப ஆத்தாமை. த்ரீ பின் சாக்கெட் இருக்கு, மேல பெரிய ஓட்டையும் இருக்கு, கழட்டி பாத்தா அந்த ஓட்டைக்கு பின்னாடி ஒண்ணுமே கனெக்ட் ஆகல. இன்னொரு வீட்ல எர்த் வயரு ஒழுங்கா போய் தண்ணி பைப்ல கிளாம்ப் போட்டிருக்கு, இரும்பு பைப்பு மண்ணுக்குள்ள போன காலத்துல செஞ்சது, நடுவுல யாரோ பைப்ப பிவிசியா மாத்திட்டாங்க, அன்னைக்கே எர்த் போச்சு, வீட்டுக்காரங்களுக்கு தெரியவே தெரியாது. அங்க ஒரு பாட்டி வாஷிங் மெஷின தொட்டா சுர்ருங்குது தம்பி, அதனால செருப்பு போட்டுகிட்டுதான் துணி போடுவேன்னு ரொம்ப சாதாரணமா சொல்றாங்க. அந்த ஈரத் தரையில செருப்பில்லாம ஒரு கொழந்த ஓடி வந்தா?

ஃபியூஸுக்கு பதிலா தானா கட் ஆகற எம்சிபி ஸ்விட்ச் போட்டாச்சே, ஆளுக்கு ஷாக் அடிச்சா அது டிரிப் ஆகாதான்னு நெறைய பேர் கேக்கறாங்க. ஆகாது. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான், அது வயர காப்பாத்தற சாதனம், மனுசன இல்ல. 10 மில்லி ஆம்ப் வாக்குலயே கை தசை இறுகி புடிச்சத விட முடியாம போயிடும், அதுக்கு மேல போகப்போக நெஞ்சுக்கே ஆபத்து, 16 ஆம்ப் எம்சிபிக்கு இதெல்லாம் ஒரு கரண்ட்டாவே தெரியாது. ஆர்சிசிபி வேற. பேஸ்ல போன கரண்ட் நியூட்ரல்ல முழுசா திரும்பி வருதான்னு அது பாத்துகிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் கொறஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், 300 மில்லி செகண்டுக்குள்ள கட் பண்ணிடும், கசிவு பெருசா இருந்தா 40 மில்லி செகண்ட்லயே. ஒரு கையில பேஸும் ஒரு கையில நியூட்ரலும் புடிச்சா மட்டும் அதுவும் ஒண்ணும் செய்யாது, அதனால எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் சொல்லல. ஆனா அந்த பாட்டி வீட்டு மெஷினுக்கு இதுவும் ஒழுங்கான எர்த்தும்தான் வழி.

அப்ப ஆர்சிசிபி மட்டும் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதேன்னு கேப்பீங்க. மாட்டி பாத்த வீடு இருக்கு. பழைய வயர்ல கசிவு, ரெண்டு ரூம் நியூட்ரல் ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கு, எங்கயோ ஒரு எடத்துல நியூட்ரல எர்த்தோட சேத்து முடிச்சு போட்டிருக்காங்க, அப்பறம் அது எப்படி நிக்கும், நாளெல்லாம் டிரிப். கடைசில யாரோ வந்து பைபாஸ் பண்ணிட்டு போயிட்டாங்க, இப்ப பொட்டி சுவத்துல சும்மா தொங்குது. அதனாலதான் வயரிங்கையே மாத்தணும்ங்கறோம், செலவு ஏறறதும் இதனாலதான்.

வேலைய எந்த வரிசையில செய்யறதுன்னு கமிட்டில நல்லா சண்டை போட்டுத்தான் முடிவு பண்ணினோம். மொதல்ல எல்லா வீட்டுக்கும் எர்த், புது மெயின் போர்டு. அடுத்து ஹீட்டர் மாதிரி பெரிய லோடுக்கு தனி லைன் 4 ஸ்கொயர் எம்எம் தடி வயர்ல, சாக்கெட்டுக்கு 2.5, லைட்டு ஃபேனுக்கு 1.5, ஒவ்வொரு லைன் ரெடியானதும் மெகர் பாத்து ஆர்சிசிபி கீழ கொண்டு வர்றது. ஸ்விட்ச் எல்லாம் பேஸ்லதான் வரும், நியூட்ரல்ல போட்ட பழைய ஸ்விட்ச் ஒண்ணு விடாம மாத்தறோம். மாடுலர் ஸ்விட்ச், கலர் ப்ளேட் இதுக்கெல்லாம் இந்த பணத்துல ஒரு பைசா போகாது, அழகுக்கு செலவு பண்ணி எர்த்த மிச்சம் புடிக்கறது எனக்கு சுத்தமா புடிக்கல.

வீட்டுக்கு வீடு எஸ்டிமேட் தனித்தனியா போட்டு வெச்சிருக்கோம், யார் வேணாலும் வந்து பாக்கலாம், வயரு, எர்த் ராடு, கூலி, சுவத்த உடைச்ச எடத்துல பூச்சு வேல வரைக்கும் அதுல இருக்கு. இவ்வளவு குடுங்கன்னு யாருக்கும் தொகை சொல்லல. முடிஞ்சத குடுங்க, மொத்தமா முடியலேன்னா மாசாமாசம் குடுங்க, ஒரு வீட்டோட எர்த்துக்கு மட்டும் நாங்க பாத்துக்கறோம்னு ரெண்டு மூணு குடும்பம் சேந்து எடுத்தாலும் ரொம்ப சந்தோஷம். ரசீது கண்டிப்பா வாங்கிக்கங்க, பொருள் வாங்கின பில்லு அத்தனையும் ட்ரெஷரர் கிட்ட ஃபைல்ல இருக்கும்.

பொருளா குடுக்கறவங்க தயவுசெஞ்சு புது பொருளா, சீல் பிரிக்காததா குடுங்க. வீட்ல மிச்சமான துண்டு வயரு, கழட்டி வெச்ச எம்சிபி வேண்டாம், நல்ல மனசோட குடுக்கறீங்கன்னு தெரியும், ஆனா ஜாயின்ட் போட்ட வயர சுவத்துக்குள்ள விட்டா அந்த ஜாயின்ட்டே நாளைக்கு சூடேறும்.

பணம் குடுக்க முடியாதவங்க உதவியும் வேணும். வேல நடக்கற ரெண்டு மூணு நாளும் அந்த வீட்ல கரண்ட் இருக்காது, தூசி வேற, வயசானவங்கள யாராச்சும் ஒருத்தர் வீட்ல தங்க வெச்சுக்கணும், பீரோ கட்டில் நகத்த நாலு பசங்க வேணும், பூச்சு, பெயின்ட் தெரிஞ்சவங்க ஒரு நாள் வந்து நின்னாலே கூலி மிச்சம். வயரிங்ல மட்டும் லைசென்ஸ் இல்லாத ஆளு கை வெக்கக் கூடாது, எவ்வளவு வேல தெரிஞ்சிருந்தாலும் சரி. வாடகை வீடுன்னா ஓனர் எழுத்துல சம்மதம் குடுக்கணும், அவரும் ஒரு பங்கு போடணும், அவர்கிட்ட நாங்களே பேசறோம்.

இன்னொண்ணு, லிஸ்ட்ல இல்லாத வீடு இன்னும் இருக்குன்னு எங்களுக்கு தெரியும். கேக்க கூச்சப்பட்டுகிட்டு இருந்தா வேண்டாங்க, கமிட்டில யார்கிட்ட வேணாலும் தனியா சொல்லுங்க, பேரு வெளிய வராது, மெகர் எடுத்துட்டு நாங்களே வந்து பாக்கறோம், பாக்கறதுக்கு காசு கெடயாது.