கறுத்த ஏரி எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு,

2025 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்கலா அரங்கில் மேடையேறிய, ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ‘மித்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மெக்பெத்’ என்ற ஓபரா (இசை நாடகம்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். இயக்குநர் வசீலி பர்ஹாத்தோவ் கதையை ஸ்டாலின் காலத்துக்கு, ஓர் உணவகத்துக்குள் நகர்த்தியதைக் கட்டுரையாளர் மெச்சியிருக்கிறார். அதில் எனக்கு வழக்கில்லை. 1936 ஜனவரியில் ஸ்டாலின் வந்து பார்த்துவிட்டுப் போன இரண்டாம் நாளே கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழ் ‘பிராவ்தா’ இந்த ஓபராவைக் கிழித்துத் தொங்கவிட்டது. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, திருத்தி, பெயரையும் மாற்றித்தான் சோவியத் மேடை அதை மறுபடி ஏற்றது.

என் வருத்தமெல்லாம் பர்ஹாத்தோவ் நெருப்பில் முடித்த அந்தக் கடைசிக் காட்சிதான். மூலத்தில் அது இப்படி.

சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகள். விலங்கு உரசிக் கால் ரணமாகிவிட்டது என்று செர்கேய் முனகுகிறான். கணவனையும் மாமனாரையும் காதலனான இவனுக்காகக் கொன்ற நாயகி கத்தரீனா, தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றிக் கொடுக்கிறாள். அவன் நேரே போய் அவற்றை இன்னொரு பெண் கைதி சோன்யேத்காவிடம் நீட்டுகிறான், அவளோடு ஒதுங்குவதற்குக் கூலியாக. நாலு அங்கங்களில் இத்தனை கொடுமை வேறெங்கும் இல்லை, கொலைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கத்தரீனா பாடுவது ஓர் ஏரியைப் பற்றி. அடர்ந்த காட்டுக்குள் வட்டமான, ஆழமான ஏரி. அதன் தண்ணீர் தன் மனசாட்சியைப் போலக் கறுப்பு என்கிறாள். பாட்டிலேயே அவள் பாதி மூழ்கியாயிற்று. சோன்யேத்காவை ஆற்றில் தள்ளித் தானும் விழுவது மிச்சப் பாதி. இருவரும் முழுகிவிட்டார்கள், நீரோட்டம் பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காவலன் வரிசையைக் கிளப்புகிறான். தண்ணீர் மூடிக்கொள்கிறது, சங்கிலிகள் நகர்கின்றன.

தீயில் எரிகிறவர்களை அப்படிக் கடந்துபோக முடியுமா? எல்லார் கண்ணும் அங்கேதான் நிற்கும். பார்க்க ஆளில்லாத சாவு வேடிக்கையாகிவிடுகிறது. இந்த மேடையேற்றத்தில் சுவரை உடைத்துக்கொண்டு லாரி வந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பி.கு.: குழந்தைக் கொலை, ஓபராவுக்கு மூலமான எழுத்தாளர் லெஸ்கோவின் 1865ஆம் வருடக் கதையில்தான் உண்டு, ஓபராவில் இல்லை. ஷோஸ்டகோவிச் வேண்டுமென்றே எடுத்துவிட்டார். அது இருந்திருந்தால் காலுறைக் காட்சியில் யாரும் அவளுக்காகக் கலங்கமாட்டார்கள்.

தங்கள் வாசகி,
திருச்சி