நீர்மட்டக் கருவியின் பற்றரி ஏன் தீர்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உன்னிச்சை போன்ற குளங்களின் நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவிகளை மட்டக்களப்பு மாணவர்கள் தாமே செய்து பார்ப்பது நல்ல விடயம். பற்றரி இறங்கினால் பழி பற்றரிக்கே போகிறது. கருவியின் சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளான கேர்ணல், தூங்கும் சிப்பை எழுப்பும் விழிப்புச் சைகையைக் கையாளும் விதத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் வயரிங். மாரியில் மிதவைச் சுவிட்ச் நாட்கணக்கில் மூடியே, அதாவது மின்சுற்று இணைந்தே, கிடக்கும். சுவிட்சிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 0.33 மில்லி அம்பியர் ஓயாமல் போகும். தூங்கும் சிப் எடுப்பதோ சில மைக்ரோ அம்பியர்தான். 1 மெகா ஓம் போட்டு, சிப்பின் உள்ளீட்டு முனையருகே 100 நானோ ஃபரட் கொள்ளளவி வையுங்கள்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம். ‘வேலை இல்லை’ என்று பார்த்ததற்கும் தூக்கக் கட்டளைக்கும் நடுவே சைகை வந்தால், இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) ஓடி முடிந்துவிடும். கேர்ணல் பழைய பதிலை நம்பித் தூங்கிவிடும். கோர்டெக்ஸ்-எம் சிப்பில் இன்டரப்டுகளை மறிக்கும் பிரைமாஸ்க்கை 1 ஆக்கி, வேலை உண்டா என்று மீண்டும் சரிபார்த்து, இல்லையென்றால் அப்படியே டபிள்யூஎஃப்ஐ என்ற தூக்கக் கட்டளையைக் கொடுங்கள். மறித்திருந்தாலும் நிலுவை இன்டரப்ட் சிப்பை எழுப்பிவிடும். மறிப்பை நீக்கியதும் கையாளும் பகுதி ஓடும்; அது நிலுவைக் கொடியை அழிக்காவிட்டால் அடுத்த தூக்கமே கிடையாது.

கோர்டெக்ஸ்-எம் கொண்ட எஸ்டிஎம்32 சிப் வகைகள் பல, ஸ்டொப் என்ற ஆழ்ந்த தூக்க நிலையிலிருந்து எழும்போது, கடிகார வேகத்தைப் பெருக்கும் பிஎல்எல் இல்லாமல் உட்கடிகாரத்தில்தான் ஓடும். கணினிக்குச் செய்தி அனுப்பும் சீரியல் இணைப்பில் குப்பை எழுத்து வருவது இதனால்தான். மறிப்பை நீக்குமுன்பே கடிகாரத்தை மீள அமையுங்கள். கேர்ணல் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்றால், தூங்கிய நேரத்தை அது நேரத்தை எண்ணும் டிக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.