அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்: 2026 ஜனவரி 30க்கு முன் அந்த ஒரு சட்டத்தை இயற்றுங்கள்

அமெரிக்க காங்கிரஸின் இரு அவைகளையும் சேர்ந்த மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் 43 நாள் நீடித்த அரசு முடக்கம் 2025 நவம்பர் 12 இரவு முடிவுக்கு வந்தது. செனட்டில் 60-40, பிரதிநிதிகள் சபையில் 222-209, அன்றிரவே அதிபரின் கையொப்பம். அதற்குக் காரணமான மருத்துவக் காப்பீட்டு மானியம் பற்றிய சண்டையில் எந்தக் கட்சி விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பேச இந்த மடல் இல்லை. அதன் இரு பக்க வாதங்களும் உங்களுக்கு மனப்பாடம். கேட்பது ஒன்றே ஒன்று. பழைய நிதி ஒதுக்கீடு காலாவதியாகும் நாளில் புதியது நிறைவேறியிருக்காவிட்டால், முந்தைய ஆண்டின் அளவிலேயே அரசுப் பணிகள் தானாகத் தொடரும் என்று ஒரு நிரந்தரச் சட்டம் இயற்றுங்கள். அதை ஜனவரி 30க்கு முன் இயற்றுங்கள்.

ஏன் ஜனவரி 30 என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நிறைவேற வேண்டிய 12 ஒதுக்கீட்டு மசோதாக்களில் நவம்பர் 12 அன்று நீங்கள் முடித்தவை மூன்று: வேளாண்மை, ராணுவக் கட்டுமானத்தோடு முன்னாள் படைவீரர் நலன், காங்கிரஸின் சொந்தச் செலவு. இந்த மூன்றுக்கும் 2026 செப்டம்பர் 30 வரை பணம் இருக்கிறது. மற்ற ஒன்பதுக்கும் ஜனவரி 30 வரைதான். உங்கள் அலுவலகங்களுக்கு நிதியாண்டு முழுவதும் பணம் உறுதி. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சம்பளமின்றி ஆறு வாரம் உழைத்தவருக்கு 79 நாள் அவகாசம். இந்த வேறுபாட்டை மக்கள் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

முடக்கம் என்றால் என்ன என்பதை விளக்க நவம்பர் மாத உணவு அட்டைக் கணக்கு ஒன்று போதும். ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் பேர், அதாவது எட்டில் ஒருவர், ஸ்னாப் (SNAP) எனும் அரசின் உணவு அட்டை உதவியில் மளிகை வாங்குகிறார்கள். 2024 நிதியாண்டில் ஒருவருக்குக் கிடைத்த சராசரி மாதம் 187 டாலர். நாளுக்கு ஆறு டாலரைச் சற்றே தாண்டும். அதில் சூடான சமைத்த உணவு வாங்க முடியாது. சோப்பு, குழந்தையின் டயப்பர் எதுவும் வாங்க முடியாது. அரிசி, பால், முட்டை, ரொட்டி, காய்கறி போன்றவை மட்டுமே.

இந்த உதவியின் சட்ட அமைப்பிலேயே ஒரு விரிசல் இருக்கிறது. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் இது சட்டப்படி உரிமை. ஆனால் அதற்கான பணம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைப் போல நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வேளாண் மசோதாவில் நீங்கள் ஒதுக்கினால்தான் வரும். அதனால்தான் முடக்கத்தின்போது ஓய்வூதியம் தடையின்றிப் போய்ச் சேர, உணவு அட்டை நின்றுபோனது.

நின்ற விதத்தையும் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் அட்டையில் பணம் ஏற வேண்டுமானால், எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஒவ்வொரு மாநிலமும் முந்தைய மாதமே தயாரித்து, அட்டைகளை இயக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தப் பட்டியலை அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்படி வேளாண் துறை அக்டோபர் 10 அன்றே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. ஆகவே அக்டோபர் 31 அன்று ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் இரண்டு கூட்டாட்சி நீதிபதிகள் அவசரகால நிதியைக் காட்டி, உதவியை நிறுத்துவது சரியல்ல என்று தீர்ப்பு சொன்னபோது, நவம்பர் 1-ஆம் தேதிக்கான பட்டியல் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவசரகால நிதியில் இருந்தது ஏறக்குறைய 465 கோடி டாலர். ஒரு மாதத்துக்குத் தேவை 800 கோடிக்கு மேல்.

பிறகு "பாதி தருகிறோம்" என்ற அறிவிப்பு வந்தது. செய்தித்தாளில் பாதி என்று படித்தவர்கள் அட்டையிலும் பாதி வரும் என்றுதான் நம்பியிருப்பார்கள். கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2026 நிதியாண்டின் உச்ச அளவு 994 டாலர். அதிலிருந்து குடும்பத்தின் நிகர வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்தால் கிடைப்பதே உதவித்தொகை. நிகர வருமானம் 1,500 டாலர் என்று வையுங்கள். 30 விழுக்காடு 450. வழக்கமான மாதத்தில் அந்தக் குடும்பத்துக்கு 544 டாலர் வரும். வேளாண் துறை குறைத்தது இந்த 544-ஐ அல்ல, உச்ச அளவை. 994-இல் பாதி 497. அதிலிருந்து அதே 450-ஐக் கழித்தால் மிச்சம் 47 டாலர். நான்கு பேருக்கு, ஒரு மாதத்துக்கு, 47 டாலர். சில நாளில் விதியைத் திருத்தி, 35 விழுக்காடு மட்டும் குறைப்பதாகச் சொன்னார்கள். அப்போதும் அந்தக் குடும்பத்துக்கு 196 டாலர்தான். சிறிதளவு சம்பளம் அதிகம் வாங்கும் குடும்பத்துக்குக் கழித்தல் கணக்கு பூஜ்யத்தில் போய் நின்றது. வேலைக்குப் போகிறவர்களைத்தான் இந்தச் சூத்திரம் மிகக் கடுமையாக அடித்தது. உழைக்கிறவர்களுக்கே உதவி என்று மேடைதோறும் சொல்கிறவர்கள் நீங்கள். ஆகவே இந்தக் கழித்தலை உங்கள் கையாலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு முடியவில்லை. நவம்பர் 6 அன்று முழுத் தொகையையும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்டது. விஸ்கான்சின் உள்ளிட்ட சில மாநிலங்கள் உடனே முழுத் தொகையை ஏற்றின. 7-ஆம் தேதி இரவு உச்ச நீதிமன்ற நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் தற்காலிகமாக அந்த ஆணையை நிறுத்தி வைத்தார். 8-ஆம் தேதி, முழுத் தொகை கொடுக்க எடுத்த நடவடிக்கைகளை உடனே திரும்பப் பெறும்படி வேளாண் துறை மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒரே வாரத்தில், ஒரு மாநிலத்தில் அட்டை நிறைந்திருந்தது, பக்கத்து மாநிலத்தில் காலியாக இருந்தது. மளிகைக் கடைக் கல்லாவில் நின்று அட்டையைத் தேய்த்து, என்ன தெரியுமோ என்று இயந்திரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. உணவு வங்கிகள் ஈடுகட்டும் என்று சிலர் பேசினீர்கள். உணவு வங்கி ஒரு வேளைச் சாப்பாடு தருகிற இடத்தில் ஸ்னாப் ஒன்பது வேளை தருகிறது என்பது அந்த வங்கிகளின் தேசியக் கூட்டமைப்பே சொல்லும் கணக்கு. ஒன்றை வைத்து ஒன்பதை நிரப்ப முடியாது.

இதை அரசியல் சட்டத்தின் மேல் போட்டுத் தப்பிக்க வழியில்லை. சட்டம் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று முதல் பிரிவின் ஒன்பதாம் பகுதி சொல்கிறது. ஒதுக்கீடு எத்தனை நாளுக்கு, எந்த வடிவில் என்பதை உங்களிடம் விட்டிருக்கிறது. ராணுவத்துக்கு மட்டும் இரண்டாண்டு வரம்பு. ஒதுக்கீட்டை மீறிச் செலவிடுவதைத் தடுக்கும் சட்டம் 1884-இல் இருந்து இருக்கிறது. இருந்தும் அதற்குப் பிந்தைய ஒரு நூற்றாண்டுக் காலம், ஒதுக்கீடு தாமதமானால் துறைகள் செலவைச் சுருக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தன. 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்தப் பழைய சட்டத்துக்குக் கண்டிப்பான விளக்கம் எழுதினார். மே 1 அன்று மத்திய வர்த்தக ஆணையம் ஒரு நாள் கதவடைத்தது. அதுதான் தொடக்கம். 1995-96இல் 21 நாள், 2013இல் 16 நாள், 2018-19இல் 35 நாள், இப்போது 43. ஒரு சட்ட விளக்கத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. ஒரு சட்டத்தால் இதை நீக்கலாம்.

நேரம் போதவில்லை என்ற காரணமும் எடுபடாது. நிதியாண்டின் தொடக்கத்தை ஜூலை 1-லிருந்து அக்டோபர் 1-க்கு மாற்றியதே உங்களுக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்றுதான். 1974-ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தில் கால அட்டவணை தெளிவாக உள்ளது: ஏப்ரல் 15க்குள் வரவுசெலவுத் தீர்மானம், ஜூன் 30க்குள் பிரதிநிதிகள் சபையில் ஒதுக்கீட்டு மசோதாக்கள், அக்டோபர் 1-இல் புதிய ஆண்டு. அந்த அட்டவணை நடைமுறைக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் எல்லா மசோதாக்களும் உரிய நாளில் நிறைவேறியது நான்கே முறை. கடைசியாக நடந்தது 1997 நிதியாண்டுக்கு. அன்று பிறந்த குழந்தை இன்று உங்களுக்கு எதிராகத் தேர்தலில் நிற்கும் வயதை எட்டிவிட்டது.

கேட்கும் சட்டத்தின் வடிவம் புதியதல்ல. ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும் நியூ ஹாம்ப்ஷயரின் மேகி ஹாசனும், ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி, சேர்ந்து கொண்டுவந்த மசோதா ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒதுக்கீடு காலாவதியானால் முந்தைய ஆண்டின் அளவில் 14 நாள் தானாக நீளும். அது முடிந்தால் மீண்டும் 14 நாள். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் அரசுப் பணத்தில் பயணம் செய்யக் கூடாது. அவையை 23 மணி நேரத்துக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது. ஒதுக்கீட்டு மசோதாக்களைத் தாண்டி வேறு வேலையை எடுக்கக் கூடாது. அழுத்தம் மக்கள் மேல் விழாமல் முடிவெடுக்க வேண்டியவர்கள் மேல் விழுகிறது. இதைவிடச் சரியான இடம் வேறு இல்லை.

அந்த வரைவில் ஒன்றை மட்டும் கவனமாக எழுத வேண்டும். "முந்தைய ஆண்டின் தொகை" என்று வெறும் டாலர் கணக்கில் நிறுத்தினால், வேலையின்மை கூடும் ஆண்டில் உணவு அட்டைக்கான பணம் நடுவழியில் தீர்ந்துபோகும். உரிமைத் திட்டங்களுக்கு மட்டும், தகுதியுள்ள அனைவருக்கும் நடப்புச் சட்டப்படி ஆகும் தொகை என்று இருக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக நிறைவேற்றும் தற்காலிக நீட்டிப்புத் தீர்மானங்களில் இதற்கான வாசகம் ஏற்கெனவே உண்டு. எடுத்துச் சேர்ப்பதுதான் வேலை. ஒப்பந்த ஊழியர்களையும் மறந்துவிட வேண்டாம். முடக்கம் முடிந்தபின் அரசு ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் கிடைப்பதை 2019 சட்டம் உறுதி செய்தது. அதே கட்டடத்தைப் பெருக்குகிறவருக்கும், வாசலில் காவல் நிற்பவருக்கும், உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவருக்கும் அந்த உறுதி இல்லை. முடக்கமே இல்லையென்றால் அவர்களுக்குத் தனிச் சட்டம் தேவைப்படாது.

தானியங்கி நீட்டிப்பு வந்தால் யாரும் புது ஒதுக்கீட்டுக்கு உழைக்க மாட்டார்கள், பழைய முன்னுரிமைகளே உறைந்துவிடும் என்பது உங்களில் பலர் நேர்மையாகச் சொல்லும் அச்சம். அதில் நியாயம் உண்டு. நீட்டிப்பில் புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது என்பதால் பாதுகாப்புத் துறைக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அது உண்மையான சிரமம். ஆனால் அந்தச் சிரமமே உங்களை மேசைக்கு இழுக்கும். விஸ்கான்சினிலும் ரோட் ஐலண்டிலும் வரவுசெலவுத் திட்டம் தாமதமானால் பழைய அளவே தொடரும் என்பதுதான் சட்டம். அங்கே சட்டமன்றங்கள் வேலையை நிறுத்திவிடவில்லை. முடக்கம் என்ற மிரட்டல் இருந்தும் நீங்கள் நேரத்துக்கு முடித்தது அரிது. 43 நாளும் மிரட்டல் இருந்தது. ஆறு வார முடக்கத்தால் பொருளாதாரத்தில் 1,100 கோடி டாலர் நிரந்தரமாக இழப்பாகும் என்று உங்கள் சொந்த வரவுசெலவு அலுவலகமே கணித்துத் தந்திருந்தது. 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க வேண்டி வந்தது. அப்போதும் பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19க்குப் பிறகு 54 நாள் வாக்களிக்கக் கூடவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. முடக்கத்தை முடித்த அதே சட்டத்தில், தங்களுடைய தொலைபேசிப் பதிவுகள் அறிவிப்பின்றி எடுக்கப்பட்டதற்காக செனட்டர்கள் தலா 5 லட்சம் டாலர் கேட்டு அரசின்மேல் வழக்குத் தொடரலாம் என்று ஒரு விதி நுழைந்திருந்தது. அதை நீக்க பிரதிநிதிகள் சபை ஒரே வாரத்தில் 426-0 என்று வாக்களித்ததற்கு நன்றி. ஆண்டுக்கு 1,74,000 டாலர் சம்பளம் உங்களுக்கு 43 நாளும் தடையில்லாமல் உரியதாக இருந்தது. அரசியல் சட்டம் அதைக் காக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காப்பு, மேலே போட்ட கணக்கில் 47 டாலர் மட்டும் மிஞ்சிய குடும்பத்தைப் போன்றவர்களுக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

உணவு அட்டைக்கு 2026 செப்டம்பர் 30 வரை பணம் இருக்கிறது என்பது ஆறுதல்தான். அக்டோபர் 1 அன்று அதே கேள்வி திரும்பி வரும். அதற்கு முன்பே, ஜனவரி 30 அன்று, மற்ற ஒன்பது மசோதாக்களுக்கும் வரும். ஆகவே அவைத் தலைவர் மைக் ஜான்சனையும், செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூனையும், இரு அவைகளின் சிறுபான்மைத் தலைவர்களையும் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்வது இது: லாங்க்ஃபோர்ட்-ஹாசன் மசோதாவை, உரிமைத் திட்டங்களுக்கான வாசகத்தைச் சேர்த்து, ஜனவரி 30க்கு முன் இரு அவைகளிலும் வாக்கெடுப்புக்கு விடுங்கள். எதிர்க்கிறவர்கள் பெயரோடு எதிர்த்து வாக்களிக்கட்டும். வாக்கெடுப்பே நடத்தாமல் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியர் ஒருவர்